வீட்டு வைஃபையில் தெரியாத சாதனமா? கண்டுபிடிப்பதும் வெளியேற்றுவதும், வரிசைப்படி

ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால், வீட்டில் இருப்பதாக நாம் நினைத்ததைவிட அதிகமான சாதனங்கள் தெரிகின்றன. சிலவற்றுக்குப் பெயரே இல்லை. சிலவற்றில் கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர். உடனே கை போவது ‘பிளாக்’ பொத்தானுக்குத்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உறவினர்கள், நண்பர்கள் என்று பலர் வீட்டில் ரவுட்டர் முன் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் ‘தெரியாத’ சாதனம் அவர்களுடையதாகவே இருந்தது. உண்மையிலேயே வெளியாள் இருந்த இடங்களில், அவசரமாக பிளாக் செய்ததால் ஆள் போகவில்லை, தடயம்தான் போனது. அதனால் இதில் வரிசை முக்கியம். தெரிந்ததை எல்லாம் முதலில் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் தெரியாதது. பூட்டை மாற்றுவது அதற்கு அப்புறம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட். இது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை. புதிதாகச் செய்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். வைஃபை பாஸ்வேர்ட் வீட்டுக்குள் நுழைய. அட்மின் பாஸ்வேர்ட் பூட்டையே மாற்ற. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். யாரும் மாற்றாதவரை அதுவே வேலை செய்யும்.

இரண்டாவது, உங்கள் இணைய நிறுவனம் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்ட். எல்லா இணைப்புக்கும் இது இருக்காது, பலவற்றுக்கு உண்டு. கடைசியில் ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்ய நேர்ந்தால் இந்த விவரமும் அழிந்துவிடும். கையில் இல்லாமல் ரீசெட் செய்தவர்கள், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க இணையம் இல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டரில் ‘பேக்கப் செட்டிங்ஸ்’ இருந்தால் அதையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, ஒரு லேன் கேபிளும் அதைச் செருகக்கூடிய லேப்டாப்பும். ஏன் கேபிள் என்பதை 7ஆம் படியில் சொல்கிறேன். இவற்றோடு ஒரு தாளும் பேனாவும். போனில் குறித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் நடுவில் போனின் வைஃபையையே பலமுறை அணைத்துப் போட வேண்டி வரும். தாள் நல்லது.

வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒருவர் வெளியே போயிருந்தால் அவருடைய போனும் வாட்சும் பட்டியலில் வராது. மாலையில் அவர் வந்ததும் ‘புதிய சாதனம்’ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

2. ரவுட்டரைத் திறக்கும் முன் தாளில் எழுதுங்கள்

வீட்டில் வைஃபையில் இருக்கும் எல்லாவற்றையும் அறை அறையாகப் போய் எழுதுங்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. பார்த்துவிட்டால் மனம் தானாக, ‘இது டிவியாக இருக்கும், அது பிரின்டராக இருக்கும்’ என்று பொருத்த ஆரம்பித்துவிடும். பொருந்தாத ஒன்றையும் ஏதோ ஒன்றோடு பொருத்திவிடும்.

போன், லேப்டாப், டிவி மூன்றையும் யாரும் மறப்பதில்லை. மறப்பவை: பிரின்டர், ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், டிவியில் செருகிய ஸ்டிக், செட்டாப் பாக்ஸ், கேமரா, ஸ்பீக்கர், வாட்ச், மின்நூல் படிப்பான், கேம் கன்சோல், ஏசி, வாஷிங் மெஷின், எடை பார்க்கும் கருவி, சோலார் இன்வெர்ட்டர், வைஃபை எக்ஸ்டெண்டர். அப்புறம் அலமாரியில் சார்ஜில் கிடக்கும் பழைய போன். இந்தப் பழைய போன் பல வீடுகளில் ‘மர்ம ஆள்’ ஆகியிருக்கிறது.

கேபிளிலும் வைஃபையிலும் இணைந்திருக்கும் லேப்டாப், டிவி போன்றவற்றுக்கு இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு வழிக்கும் இரண்டு தனி முகவரி இருப்பதால் பட்டியலில் இரண்டு சாதனமாகவே தெரியும்.

தாளின் பின்பக்கம், இதுவரை பாஸ்வேர்ட் கொடுத்தவர்கள் எல்லோரையும் எழுதுங்கள். விருந்தாளி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, ரிப்பேருக்கு வந்தவர், முன்பு குடியிருந்தவர். இது யாரையும் சந்தேகப்பட அல்ல. பிறகு ஒரு போனின் மாடல் பெயர் பட்டியலில் வந்தால், யாருடையது என்று உடனே பிடிபடும்.

3. ரவுட்டரின் சொந்தப் பட்டியலைப் பாருங்கள்

ரவுட்டரின் முகவரி வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், வைஃபை, உங்கள் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டமிட்ட ‘ஐ’ எழுத்து என்று போனால் ‘ரவுட்டர்’ என்ற வரியில் இருக்கும். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் விவரத்தில் ‘கேட்வே’ என்று இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அந்த எண்ணை பிரவுசரின் முகவரிப் பட்டையில் அடித்தால் அட்மின் பக்கம் திறக்கும். தேடும் பெட்டியில் அடித்துவிட்டு, ஏதேதோ இணையதளங்கள் வருகின்றன என்று குழம்புபவர்கள் உண்டு. வருகிற தளங்களில் எதிலும் பாஸ்வேர்டைப் போட்டுவிடாதீர்கள்.

உள்ளே ‘கனெக்டட் டிவைசஸ்’, ‘கிளையன்ட் லிஸ்ட்’, ‘டிஎச்சிபி கிளையன்ட்ஸ்’ போன்ற பெயரில் பட்டியல் இருக்கும். எதையும் தொடும் முன் முழுப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீட்டு ரவுட்டர்களில் பலவும் தங்கள் பதிவுகளைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. அணைத்து ஏற்றினால் போய்விடும்.

டிஎச்சிபி பட்டியல் என்பது முகவரி வாடகைக்குக் கொடுத்த கணக்கு. பல ரவுட்டர்களில் அந்த வாடகை 24 மணி நேரம். அதாவது காலையில் வந்து போன விருந்தாளியின் போன் இரவிலும் அதில் இருக்கும். இப்போது இணைந்திருப்பவற்றை மட்டும் காட்டும் பட்டியல் வயர்லெஸ் பகுதியில் தனியாக இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் வெவ்வேறாகவும் இருக்கலாம். இரண்டையும் பாருங்கள். கேபிளில் இருப்பவை அதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபிங் போன்ற ஸ்கேன் ஆப்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்ள உதவும், முடிவு செய்ய ரவுட்டரையே நம்புங்கள். புதிய போன்களில் மற்ற சாதனங்களின் மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்தின் அடையாள எண்; அடுத்த படியில் விவரமாக) ஆப்கள் படிக்க இயங்குதளமே விடுவதில்லை. அதனால் ஆப் காட்டும் பெயர்களில் ஊகம் கலந்திருக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் போன்கள் ஸ்கேனில் விடுபடவும் செய்யும்.

4. மேக் முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பட்டியலில் பெயரை நம்பாதீர்கள். பெயர் என்பது சாதனம் தானே சொல்லிக்கொள்வது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்குப் பக்கத்தில் இருக்கும் மேக் முகவரிதான் நமக்கு வேலைக்கு ஆகும்.

மேக் முகவரியில் 12 குறிகள், இரண்டிரண்டாக ஆறு ஜோடி. எண்களும், ஆங்கிலத்தின் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் மட்டும் வரும். முதல் மூன்று ஜோடி, தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ என்ற அமைப்பு ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. மூன்று ஜோடியையும் தேடலில் போட்டாலே பெயர் வந்துவிடும். உதாரணமாக, பி8:27:ஈபி என்று தொடங்கினால் ராஸ்பெர்ரி பை. 24:0ஏ:சி4 என்று தொடங்கினால் எஸ்பிரெசிஃப்.

இந்த எஸ்பிரெசிஃப் என்ற பெயர்தான் நிறையப் பேரைப் பயமுறுத்துகிறது. வீட்டில் அந்தப் பெயரில் ஒரு பொருளும் இல்லை, அப்படியானால் திருடன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது பல்பு, பிளக், சென்சார் போன்றவற்றுக்குள் இருக்கும் வைஃபை சிப்பைத் தயாரிக்கும் நிறுவனம். பெட்டியின் மேல் வேறு பிராண்டின் பெயர் இருந்தாலும் முகவரி பெரும்பாலும் சிப் தயாரித்தவர் பெயரில்தான் வரும். டுயா என்று வந்தாலும் இதே வகைதான். ஹான் ஹாய் என்று வந்தால் அது ஃபாக்ஸ்கான். லேப்டாப், கன்சோல், பிரின்டர் என்று எதிலும் இருக்கலாம். அசூர்வேவ், லைட்-ஆன், இன்டெல் என்றால் பெரும்பாலும் லேப்டாப். முராட்டா என்றால் போனோ கேமராவோ மற்ற சிறு கருவியோ.

எக்ஸ்டெண்டர் (ரவுட்டரின் வைஃபையை வாங்கி மேலும் தூரம் பரப்பும் பெட்டி) இருக்கும் வீட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. சில எக்ஸ்டெண்டர்கள் தங்கள் பின்னால் இருக்கும் சாதனங்களின் முகவரியைச் சற்று மாற்றி ரவுட்டருக்குக் காட்டும். முதல் மூன்று ஜோடி மாறி, கடைசி மூன்று ஜோடி மட்டும் உங்கள் போனுடையதோடு அப்படியே ஒத்துப்போனால், அது எக்ஸ்டெண்டர் வழியாக வரும் உங்கள் போன்தான்.

5. போன்கள் போலி முகவரியோடு வரும்

தேடினால் எந்த நிறுவனமும் வராத முகவரிகள் சில இருக்கும். இப்போது முதல் ஜோடியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால், அந்த முகவரி தொழிற்சாலையில் வைத்தது இல்லை. சாதனம் தானே உருவாக்கிக்கொண்டது. டிஏ என்று தொடங்கினால் அப்படி. டி8 என்று தொடங்கினால் அப்படி இல்லை.

இதில் தப்பு எதுவும் இல்லை. போகுமிடமெல்லாம் ஒரே முகவரியோடு போனால் அந்தப் போனைப் பின்தொடர்வது எளிது. அதனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு தற்செயல் முகவரியைப் போன்கள் இயல்பாகவே பயன்படுத்துகின்றன. நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு மறுபடி சேரும்போது சில சமயம் புதிய முகவரி வரும். ஒரே போன் பட்டியலில் மூன்று முகவரியில் நிற்பது இப்படித்தான்.

பொருத்திப் பார்க்கும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று. போனின் ‘அபவுட்’ பக்கத்தில் இருக்கும் வைஃபை முகவரியை எடுத்துக்கொண்டு வந்து, பட்டியலில் இல்லை என்கிறார்கள். ஐபோனில் அந்தப் பக்கம் காட்டுவது தொழிற்சாலை முகவரி. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இப்போது பயன்படும் முகவரி, வைஃபை பகுதியில் அந்த நெட்வொர்க்கின் விவரத்துக்குள் இருக்கும். அதைத்தான் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி, அந்த முகவரியின் கடைசி நான்கு குறிகளைத் தாளில் எழுதுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி ‘மர்மங்கள்’ தீர்ந்துவிடும்.

புதிய ஐபோன்களில் இந்தத் தனிப்பட்ட முகவரிக்கு ‘ஃபிக்ஸ்டு’, ‘ரொட்டேட்டிங்’ என்று தேர்வுகள் இருக்கும். வீட்டு நெட்வொர்க்குக்கு ஃபிக்ஸ்டு வையுங்கள். முகவரி அடிக்கடி மாறாது, உங்கள் பட்டியலும் நிலையாக இருக்கும். முழுவதும் அணைக்கத் தேவையில்லை.

6. மிஞ்சியதை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்

இப்போது பட்டியலில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். இனி சந்தேகப்படும் பொருளின் மின்சாரத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள். காணாமல் போனால் அதுதான். ரவுட்டர் ஒரு சாதனம் போய்விட்டதை உணரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அரை நிமிடத்தில் பார்த்துவிட்டு ‘இது இல்லை’ என்று அடுத்ததுக்குப் போகாதீர்கள். இரண்டை ஒன்றாக அணைக்கவும் வேண்டாம். ரிமோட்டில் அணைத்த டிவி அணைந்த டிவி இல்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

ஒருமுறை அத்தை வீட்டில் இப்படி உட்கார்ந்தோம். எஸ்பிரெசிஃப் என்று ஒன்று, சிக்னல் மைனஸ் 74, டேட்டா கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. “இது யாருன்னே தெரியலப்பா, ராத்திரி பகலா இருக்கு” என்றார் அத்தை. பிரின்டரை அணைத்தோம், டிவியை, ஸ்பீக்கரை, ஹால் பல்புகளை. அசையவில்லை. கடைசியில் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தபோது மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பல்பு. அவர் மகன் எப்போதோ மாட்டிவிட்டுப் போனது. சுவரில் சுவிட்சைத் தட்டினோம். நான்காவது நிமிடத்தில் அந்த வரி மறைந்தது. “அது லைட்டுதானே, அதுக்கெதுக்கு வைஃபை?” என்றார். அவர் தாளில் அது இல்லாததற்குக் காரணமே அதுதான்.

அந்த மைனஸ் 74 என்ற எண்ணும் ஒரு துப்பு. சிக்னல் பலம் மைனஸ் எண்ணாக வரும். 0க்குப் பக்கத்தில் போகப் போக பலம் அதிகம். மைனஸ் 40, 50 என்றால் ரவுட்டர் இருக்கும் அறை அல்லது அடுத்த அறை. மைனஸ் 80ஐத் தாண்டினால் பல சுவர்களுக்கு அப்பால். இது சாட்சி ஆகாது, திசை காட்டும். டேட்டா அளவும் அப்படித்தான். பல்பும் சென்சாரும் சொட்டுச் சொட்டாக எடுக்கும். பல ஜிபி இழுக்கும் ஒன்று நிச்சயம் பல்பு இல்லை.

அப்படியும் எதுவென்று தெரியவில்லையா? இப்போதுதான் பிளாக் பொத்தானுக்கு வேலை. அந்த ஒன்றை மட்டும் 24 மணி நேரம் பிளாக் செய்துவிட்டு, வீட்டில் எது வேலை செய்யவில்லை என்று யாராவது குரல் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பாதுகாப்பு அலாரம், மருத்துவக் கருவி, குழந்தையைப் பார்க்கும் கேமரா இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பிருந்தால் இந்த வழி வேண்டாம். இன்னொன்று, பிளாக் செய்யும் முன் அந்த முகவரி நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் லேப்டாப்புடையது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிளாக் என்பது கண்டுபிடிக்கும் கருவி மட்டும்தான். மேக் முகவரியை மாற்றிக்கொள்வது சில நொடி வேலை என்பதை முந்தைய படியிலேயே பார்த்தோம். வேண்டுமென்றே நுழைந்தவர் வேறு முகவரியோடு திரும்ப வருவார். வைஃபை பெயரை மறைத்து வைப்பதும் உதவாது. மறைந்த நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கஷ்டம் முழுக்க உங்கள் வீட்டாருக்குத்தான்.

7. பூட்டை மாற்றுவது: எது முதலில், எது பிறகு

24 மணி நேரம் கழித்தும் யாரும் உரிமை கொண்டாடாத சாதனம் இருந்தால், அதை வெளியாளாகவே நினைத்து வேலையைத் தொடங்குங்கள். உள்ளே புகுந்து அது என்ன என்று ஆராய முயலாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அது வெளியே போவது.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, அதன் வைஃபையை அணையுங்கள். இரண்டு காரணம். வைஃபையில் இருந்துகொண்டே வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் பாதியில் அறுபடும். அதைவிடப் பெரியது: பல ரவுட்டர்களின் அட்மின் பக்கம் குறியாக்கம் (மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது) இல்லாமலே திறக்கிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை குறியாக்க முறையில் இயங்கும் நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர், நீங்கள் வைஃபையில் சேரும் கணத்தைப் பிடித்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் அனுப்புவதைப் படிக்க முடியும். புது பாஸ்வேர்டை அவர் காதிலேயே சொன்னதாக ஆகிவிடும்.

அடுத்து அட்மின் பாஸ்வேர்ட். வைஃபை பாஸ்வேர்டுக்கு முன்பே இதை மாற்ற வேண்டும். அட்மின் பக்கத்தில் வைஃபை பாஸ்வேர்ட் பெரும்பாலும் வெளிப்படையாகவே தெரியும். உள்ளே இருப்பவருக்கு அட்மின் வழி திறந்திருந்தால், நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அவர் படித்துக்கொள்வார்.

உள்ளே இருக்கும்போதே மூன்று இடங்களைப் பாருங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியே எங்கிருந்தும் அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதி) அணைந்திருக்க வேண்டும். டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தருவது) தானாகப் பெறுவதாகவோ நீங்கள் வைத்த எண்ணாகவோ இருக்க வேண்டும். அறியாத எண் இருந்தால் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். வெளியாள் இதை மாற்றி வைத்தால், நீங்கள் தேடிப் போகும் தளத்துக்குப் பதிலாகப் போலித் தளத்துக்கு அனுப்ப முடியும். போர்ட் ஃபார்வேர்டிங் (இணையத்திலிருந்து வீட்டுச் சாதனத்துக்கு நேர்வழி திறப்பது) பட்டியலில் நீங்கள் போடாத வரி எதுவும் இருக்கக் கூடாது.

அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட். பாஸ்வேர்ட் வலுவாக இருந்தாலும் ரவுட்டரின் மென்பொருளில் ஓட்டை இருந்தால் பயனில்லை. அப்டேட் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்தது டபிள்யூபிஎஸ். இதை அணைத்துவிடுங்கள். பொத்தானை அமுக்கிச் சாதனத்தைச் சேர்க்கும் வசதி என்று தெரிந்திருப்பீர்கள். அதோடு 8 இலக்க பின் எண் வழியும் சேர்ந்தே வருகிறது. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு என்று தோன்றும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண் என்பதால் அது 1 கோடியாகிறது. ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்த்து, முதல் பாதி சரியா என்று தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாவதுக்கு 1,000, ஆக மொத்தம் 11,000 முயற்சிதான். 2011இலேயே வெளியான பலவீனம் இது. இது திறந்திருந்தால் நீங்கள் வைக்கப்போகும் பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தும் பயன் குறைவு.

குறியாக்கத்துக்கு டபிள்யூபிஏ3, அல்லது டபிள்யூபிஏ2-ஏஇஎஸ். டபிள்யூஇபி, டிகேஐபி இரண்டும் பழைய, பலவீனமான முறைகள், வேண்டாம். பழைய பல்பும் பிளக்கும் தனி டபிள்யூபிஏ3இல் சேராமல் போகலாம். அப்போது டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது வைஃபை பாஸ்வேர்ட். 8 முதல் 63 குறிகள் வரை வைக்கலாம். வெறும் எண்களாக வைக்க வேண்டாம், முக்கியமாகப் போன் எண். டபிள்யூபிஏ2இல் நீங்கள் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை ஒருவர் ஒருமுறை பிடித்துவிட்டால், மீதியை உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் தன் கணினியில் முயன்று பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் முயற்சிக்கு மேல் செய்யும். 10 இலக்க எண்கள் மொத்தம் 1000 கோடி; மூன்று மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும். அதற்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஒரு எண்ணைப் போடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் வாயில் நிற்கும், நீளமாகவும் இருக்கும். பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம், அவை ஊகிக்கக்கூடியவை. தமிழ் எழுத்திலேயே வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் பல சாதனங்கள் ஆங்கில எழுத்து, எண், குறியீடு தவிர வேறு ஏற்பதில்லை.

2.4, 5 இரண்டு அலைவரிசையிலும், விருந்தாளி நெட்வொர்க்கிலும் (வருகிறவர்களுக்கென்று ரவுட்டர் தரும் தனி வைஃபை) மாற்றினீர்களா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அதைவிடவும் கண்ணுக்குப் படாத ஓட்டை எக்ஸ்டெண்டர். ஒரு நண்பர் வீட்டில் பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளே அதே ஆள் திரும்ப வந்துவிட்டார். ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. மாடியில் ஒரு எக்ஸ்டெண்டர். ரவுட்டரோடு பேச அதற்குப் புது பாஸ்வேர்ட் கொடுத்திருந்தார். ஆனால் அது தன் பங்குக்குப் பரப்பும் நெட்வொர்க்கில் பழைய பாஸ்வேர்டே இருந்தது. முன்வாசலுக்குப் புதுப் பூட்டு, பின்வாசல் அப்படியே. எக்ஸ்டெண்டர் இருந்தாலும், கேபிளில் இணைத்த இரண்டாவது ரவுட்டர் இருந்தாலும், அதன் அட்மின் பக்கத்தையும் தனியாகத் திறந்து அட்மின் பாஸ்வேர்ட், வைஃபை பாஸ்வேர்ட், டபிள்யூபிஎஸ் மூன்றையும் அங்கேயும் மாற்ற வேண்டும்.

8. திரும்பச் சேர்க்கும்போதே பெயர் வையுங்கள்

இப்போது பட்டியல் காலி. ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒன்று வந்ததும் ரவுட்டரில் அதற்கு ‘அம்மா போன்’, ‘படி பல்பு’ என்று பெயர் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்த்துவிட்டு அப்புறம் பெயர் வைக்கலாம் என்று விட்டால், முதலில் இருந்த குழப்பத்துக்கே திரும்புவீர்கள்.

பல்பு, பிளக், கேமரா, டிவி எல்லாவற்றையும் விருந்தாளி நெட்வொர்க்கில் போடுவது என் வழக்கம். அவற்றில் ஒன்றில் ஓட்டை இருந்தாலும் லேப்டாப்பையும் போனையும் பெரும்பாலும் தொட முடியாது. போனிலிருந்து டிவிக்கு வீடியோ அனுப்புவது இதனால் நின்றுபோகலாம். அந்த வசதி வேண்டுமென்றால் டிவியை மட்டும் முதன்மை நெட்வொர்க்கில் வையுங்கள். வருகிறவர்களுக்கும் விருந்தாளி பாஸ்வேர்டையே கொடுங்கள். அதை மாற்றினால் உங்கள் போன்கள் எதுவும் அறுபடாது என்பதால், வேண்டும்போது மாற்றலாம்; அதில் இருக்கும் பல்பு, பிளக் போன்றவற்றை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டும்.

புதிய சாதனம் சேரும்போது அறிவிப்பு அனுப்பும் வசதி ரவுட்டரின் ஆப்பில் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

9. மறுபடியும் தெரியாத ஒன்று வந்தால்

முதலில் இரண்டாவது குறியைப் பாருங்கள். 2, 6, ஏ, ஈ என்றால் வீட்டுப் போன்களை மறுபடி ஒப்பிடுங்கள். பாஸ்வேர்ட் மாற்றும் பரபரப்பில் யாராவது நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்து சேர்த்திருப்பார்கள்.

அது இல்லை என்றால் பாஸ்வேர்ட் பரவும் வழிகளைப் பாருங்கள். ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்கும் சாதனங்களுக்குள் வைஃபை பாஸ்வேர்ட் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். யாரும் அடிக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ஒரு கியூஆர் குறியைக் காட்டினால் போதும். வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தில் அதைக் காட்டியிருக்கலாம். கோபப்படாமல் கேளுங்கள், அப்போதுதான் சொல்வார்கள்.

வயர்லெஸ் பட்டியலில் இல்லாமல் மொத்தப் பட்டியலில் மட்டும் இருந்தால், வந்து போன சாதனத்தின் பழைய வரியாக இல்லாதவரை, அது கேபிளில் இருக்கலாம். ரவுட்டரின் பின்னால் இருக்கும் ஒவ்வொரு கேபிளையும் கையால் பிடித்து மறுமுனை வரை போய்ப் பாருங்கள்.

இவை எதிலும் அகப்படவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட். முதல் படியில் எழுதிவைத்த இணைய யூசர்நேம், பாஸ்வேர்ட் இப்போது தேவைப்படும். ரீசெட்டுக்குப் பிறகு பழைய பேக்கப்பை ஏற்றாதீர்கள். யாராவது ரவுட்டருக்குள் எதையாவது மாற்றி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து திரும்ப வந்துவிடும். பேக்கப் என்பது நீங்களே ஏதாவது தவறாகக் கெடுத்துவிட்டால் பழைய நிலைக்குப் போக. 7ஆம் படியைக் கேபிளில் இருந்தபடியே முதலிலிருந்து கையால் செய்யுங்கள். ரவுட்டருக்கு அதன் நிறுவனம் அப்டேட் தருவதையே நிறுத்திவிட்டது என்று தெரிந்தால், அதோடு இன்னும் மல்லுக்கட்ட வேண்டாம், வேறு ரவுட்டர் வாங்கிவிடுங்கள். நிறுவனமே வழங்கிய ரவுட்டராக இருந்தால், ஃபர்ம்வேர் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.